இரண்டு படியும் இல்லை

குன்மிங் ஆய்வகத்திலிருந்து வந்த தாளில்
என் பெயருக்கு நேரே
‘இரண்டு படியும் இல்லை’ என்றிருந்தது.
அக்காவின் பெயருக்கு நேரே
‘ஒன்று உண்டு’.

மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

படுக்கையில் கிடப்பவள் அக்கா.
வலது நுரையீரலின் மேல்மடலை
மே மாதம் வெட்டி எடுத்தார்கள்.
நானோ ஷுவான்வெய்க்கும் லாய்பினுக்கும் இடையே
நாளைக்கு நாலு நடை பேருந்து ஓட்டுகிறேன்.
மேட்டில் இரண்டாம் கியரில் ஏறும்போது
உரக்கப் பாடவும் செய்கிறேன்.

போன் போட்டுக் கேட்டேன்.
எடுத்தவளுக்கு இளங்குரல். பொறுமையாகச் சொன்னாள்:
புகையின் கசடைக் கழுவிவிட
உடம்பில் ஒரு நொதி உண்டு.
அதைச் செய்யும் மரபணு
பாதிப்பேருக்குக் கிடையாது என்றே வையுங்கள்.
பழுதானதில்லை, கிழிந்ததில்லை,
அந்தப் பக்கமே புத்தகத்தில் இல்லை.
“தலைவிதின்னு நினைக்காதீங்க,
கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான்.”

வாய்ப்பாம்.
என் மகள் ஷென்ஜெனில் வேலை தேடியபோது
வாய்க்காமல் போனதற்கும் அதே சொல்தான்.

அம்மாவிடமிருந்து ஒரு இன்மை.
அப்பாவிடமிருந்து ஒரு இன்மை.
வீட்டைப் பங்கு பிரித்தபோது
அக்காவுக்குத் தையல் இயந்திரம், எனக்குச் சோளக் குதிர்.
இல்லாததையும் பங்கு வைத்திருந்தார்கள் என்பது
அன்றைக்குத் தெரியவில்லை.

அப்பா எண்பத்திரண்டு வயதுவரை
மூங்கில் குழாயில் தண்ணீர் குளுகுளுக்கப் புகைத்தார்.
ஒருநாள் தூக்கத்தில் போனார்.
அம்மா சிகரெட்டைத் தொட்டது ஒரே ஒருநாள்,
கல்யாணத்தன்று,
விருந்தாளிகளுக்குப் பற்றவைத்துக் கொடுக்க.
நாற்பத்தேழில் ரத்தம் துப்பினாள்.
பெரியம்மா ஐம்பத்தொன்றில்.
பக்கத்து மியாவ் வீட்டில்
மாமியார், பிறகு இரண்டு மருமகள்கள்.

மருமகள்கள்.
ஒரே ரத்தமில்லை,
ஒரே அடுப்பு.

அடுப்பு என்றால் அடுக்களை நடுவே தரையில் ஒரு குழி.
எங்கள் மலையில் வெட்டிய கரி அதில் எரியும்போது
எண்ணெய்போலக் கசிந்து மஞ்சளாய்ப் புகையும்.
புகைக்கு வெளியேற வாசல்தான் வழி,
குளிர்காலத்தில் அதையும் சாத்திவிடுவோம்.
உத்தரத்தில் தொங்கிய பன்றித்தொடைகள் கறுத்தன.
அவற்றை எல்லாரும் பார்த்தார்கள்,
தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்து விலை சொன்னார்கள்.
கீழே குந்தி உருளைக்கிழங்கு புரட்டிய சிறுமியை
யார் பார்த்தார்கள்.

அக்காவின் பதின்மூன்றாம் வயதில்
நான் பிறந்தேன்.
அந்த வருஷம்தான் அப்பா செங்கல் அடுக்கிப்
புகைபோக்கி எழுப்பினார்.
எனக்காக இல்லை.
துவைத்த துணியெல்லாம் கரியாகிறதென்று
அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை,
அதற்காக.

குடை வைத்திருந்தவள் புயலில் நின்றாள்,
குடையில்லாத நான் மழை விட்டபின் வந்தேன்.
இப்படிச் சொன்னால் கணக்கு நேராகிவிடுகிறது.
இரவில் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன்.
ஆனால் மியாவ் வீட்டுப் பேத்தி,
வாயு அடுப்பில் சமைத்தவள், முப்பத்தெட்டு வயசு,
போன மாதம் என் பேருந்தில்தான்
மருத்துவமனைக்குப் போனாள்.
சீட்டுக்குச் சில்லறை சரியாக எண்ணி வைத்திருந்தாள்.
அவளை எந்த வரியில் எழுத?

தாளை அக்காவிடம் காட்டினேன்.
காட்டாமலிருக்கவும் பார்த்தேன்,
பையிலேயே இரண்டு நாள் மடங்கிக் கிடந்தது.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.
“எனக்கு ஒண்ணு இருக்காமே.
இவ்வளவு நாள் எங்கே போயிருந்ததாம் அது?”

சிரித்தாள். சிரிப்பு இருமலானது.
தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு
மிச்சத்தையும் சிரித்து முடித்தாள்.
பிறகு என் கையைத் தட்டினாள்:
“நாளைக்கு ஸ்கேனுக்குப் போ.
விடிகாலை நடைக்கு நான் பேருந்தை எடுக்கிறேன்.”

அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.